கான்கிரீட்டுக்குள் புதைந்த ஸ்டட்: ஒரு முறை தாங்குவது வேறு, கோடி முறை தாங்குவது வேறு

ஒரு மேம்பாலத்துக்கு இரும்பு கர்டர்களைத் தூக்கி வைத்தாகிவிட்டது, மேலே கான்கிரீட் இன்னும் போடவில்லை. அந்த நேரத்தில் ஏறிப் பார்த்தால், கர்டரின் மேல்முகத்தில் குட்டைக் கம்பிகள் வரிசை வரிசையாக நிற்பது தெரியும். கட்டைவிரல் பருமன், ஒரு சாணுக்கும் குறைந்த உயரம், உச்சியில் ஆணிக்கு இருப்பது போல ஒரு கொண்டை. இதுதான் ஷியர் ஸ்டட். பாலங்களில் பெரும்பாலும் 19 அல்லது 22 மில்லிமீட்டர் விட்டத்தில் வரும். சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, கான்கிரீட் ஊற்றிவிட்டால் அப்புறம் அந்தப் பாலம் இருக்கும் வரை இவற்றை யாரும் பார்க்கப் போவதில்லை. அதனால்தான் இவற்றைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஆசை.

முதலில், இவை எதற்கு?

ஒரே அளவுள்ள இரண்டு பலகைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, இரு முனைகளிலும் செங்கல் முட்டுக் கொடுத்து, நடுவில் ஏறி நில்லுங்கள். பலகைகள் வளையும். அப்போது முனைகளைக் கவனித்தால், மேல் பலகையின் விளிம்பு கீழ்ப் பலகையின் விளிம்பை விட்டுச் சற்று நகர்ந்திருக்கும். அடுக்கி வைத்தாலும் அவை இரண்டும் தனித்தனியாகத்தான் வளைகின்றன. இப்போது இரண்டையும் சேர்த்து நெருக்கமாக ஆணி அடித்துவிட்டு மறுபடி ஏறி நில்லுங்கள். வளைவு வெகுவாகக் குறையும். சறுக்கலை முழுதும் நிறுத்திவிட்டால் விறைப்பு நான்கு மடங்கு ஆகிவிடும். கூடுதலாக ஒரு துண்டு மரம்கூடச் சேர்க்கவில்லை, சறுக்கலை மட்டும்தான் தடுத்தோம்.

கீழ்ப் பலகைக்குப் பதில் இரும்பு கர்டர், மேல் பலகைக்குப் பதில் கான்கிரீட் ஸ்லாப், ஆணிக்குப் பதில் ஸ்டட். காம்போசிட் பாலம் என்பது இவ்வளவுதான். அமுக்கத்தைக் கான்கிரீட் வாங்கிக்கொள்கிறது, இழுவிசையை இரும்பு வாங்கிக்கொள்கிறது, இரண்டும் பிரிந்து சறுக்காமல் ஸ்டட் பிடித்துக்கொள்கிறது. ஸ்லாப் மேலே எழும்பிவிடாமல் தடுப்பது அந்தக் கொண்டையின் வேலை.

ஒரு ஸ்டட் எவ்வளவு தாங்கும்? இதைக் கண்டுபிடிக்க ஒரு பழைய சோதனை இருக்கிறது. ஒரு குட்டையான ஐ வடிவ இரும்புத் துண்டை நிமிர்த்தி வைத்து, அதன் இரு பக்கமும் ஸ்டட் வைத்து, இரு பக்கமும் கான்கிரீட் பலகை வார்ப்பார்கள். இரும்புத் துண்டின் கீழ்முனை தரையைத் தொடாமல் இருக்கும். மேலிருந்து அதை இயந்திரத்தால் அமுக்கினால், இரும்பு கீழே இறங்கப் பார்க்கும், கான்கிரீட் இறங்க விடாது, நடுவில் மாட்டிக்கொண்ட ஸ்டட்டுகள் அவ்வளவு விசையையும் வாங்கும். எவ்வளவு விசைக்கு எத்தனை மில்லிமீட்டர் சறுக்கியது என்று குறித்துக்கொண்டே போவார்கள். புஷ்-அவுட் சோதனை என்று பெயர்.

இதில் ஸ்டட் இரண்டு விதமாகத் தோற்கலாம். கான்கிரீட் மெலிந்ததாக இருந்தால் ஸ்டட்டின் முன்னால் இருக்கும் கான்கிரீட் நொறுங்கும். கான்கிரீட் வலுவாக இருந்தால் ஸ்டட்டே அடியில் அறுந்துவிடும். இரும்பும் கான்கிரீட்டும் சேர்ந்த கட்டுமானங்களுக்கான ஐரோப்பிய விதிநூலான யூரோகோடு 4 இரண்டுக்கும் தனித்தனிச் சூத்திரம் கொடுத்து, எது குறைவோ அதை எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. 19 மில்லிமீட்டர் ஸ்டட், 450 மெகாபாஸ்கல் (அதாவது சதுர மில்லிமீட்டருக்கு 450 நியூட்டன்) இழுவலிமை கொண்ட எஃகு, சிலிண்டர் வலிமை (சிலிண்டராக வார்த்து நசுக்கிப் பார்த்தால் கிடைப்பது) 30 மெகாபாஸ்கல் உள்ள கான்கிரீட் என்று வைத்துக் கணக்குப் போட்டால் எஃகின் பக்கம் 102 கிலோநியூட்டன், கான்கிரீட்டின் பக்கம் 104. பாதுகாப்புக் காரணிகளால் வகுப்பதற்கு முந்தைய எண்கள் இவை. சுமாராகப் பத்து டன். கட்டைவிரல் பருமனுள்ள ஒரு கம்பி பத்து டன் பக்கவாட்டு விசையைத் தாங்குகிறது என்பது முதலில் கேட்டபோது எனக்கு நம்பச் சிரமமாக இருந்தது.

எப்படித் தாங்குகிறது என்று அருகே போய்ப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். ஸ்டட் தன் முழு உயரத்தாலும் சமமாகத் தள்ளுவதில்லை. பெரும்பாலான விசை அடியில்தான் கான்கிரீட்டுக்குள் போகிறது, அதாவது வெல்டிங் உருகி மோதிரம் போலத் தடித்திருக்கும் காலர் பகுதியிலும் அதற்கு ஒட்டிய மேல்பகுதியிலும். அந்தச் சிறு இடத்தில் கான்கிரீட் மேல் விழும் அழுத்தம் அதன் சிலிண்டர் வலிமையைப் போலப் பல மடங்கு. ஆனாலும் உடனே நொறுங்குவதில்லை. கீழே இரும்பு, சுற்றிலும் கான்கிரீட் என்று எல்லாப் பக்கமும் நெருக்கி வைத்திருப்பதால் அதற்குப் போக்கிடம் இல்லை. விசை கூடக் கூட அந்த இடம் மெல்லப் பொடியாகிறது. பொடியான அளவுக்கு விசையின் மையம் ஸ்டட்டில் மேலே ஏறுகிறது. மேலே ஏறினால் நெம்புகோலின் நீளம் கூடுகிறது, அடியில் வளைவும் கூடுகிறது. வெறும் வெட்டு விசையாக, அதாவது பக்கவாட்டில் அறுக்கப் பார்க்கும் விசையாக இருந்தது இப்போது வெட்டும் வளைவும் இழுப்பும் கலந்ததாகிவிட்டது. இது எல்லாமே காலருக்கு மேலே, நகக்கண் அளவுள்ள இடத்தில் நடக்கிறது.

சரி, பத்து டன் தாங்கும் ஸ்டட்டுக்கு மூன்று டன் மட்டும் கொடுத்தால் கவலையே இல்லை அல்லவா?

ஒரு முறை கொடுத்தால் கவலை இல்லை. திரும்பத் திரும்பக் கொடுத்தால் கதை வேறு.

கம்பி கட்டுபவர்கள் கட்டுக்கம்பியை வெட்ட எப்போதும் கத்தரியைத் தேடுவதில்லை. இரு விரலால் பிடித்து இப்படியும் அப்படியும் நாலைந்து முறை வளைப்பார்கள், அறுந்துவிடும். கையால் இழுத்து அறுக்க முடியாத கம்பி வெறும் வளைப்பில் அறுகிறது. கட்டுக்கம்பியை நாம் நிரந்தரமாக வளையும் அளவுக்கு மடக்குகிறோம், அதனால் சில முறையிலேயே முடிந்துவிடுகிறது. ஸ்டட்டின் நிலைமை அவ்வளவு மோசமில்லை. ஒவ்வொரு லாரிக்கும் அது அசைவது மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு. ஆனால் லாரிகள் லட்சக்கணக்கில், கோடிக்கணக்கில் வரும். இதைத்தான் ஃபெடீக் என்கிறோம். தமிழில் அயர்வு. நல்ல சொல்தான், ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மனிதனின் அயர்வு தூங்கி எழுந்தால் போய்விடும். உலோகத்தில் விழுந்த விரிசல் போகாது.

இந்த விஷயம் முதலில் பிடிபட்டது ரயிலில். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ரயில் அச்சுகள், எந்த அதிகச் சுமையும் இல்லாமல், திடீரென்று முறிந்தன. 1842-இல் பிரான்சில் வெர்சாய் அருகே நடந்த கோர விபத்து அப்படி ஓர் இன்ஜின் அச்சு முறிந்ததால் வந்தது. பிரஷ்ய ரயில்வேயில் வேலை பார்த்த ஆகஸ்ட் வோலர் 1850களிலும் 60களிலும் அச்சுகளை இயந்திரத்தில் மாட்டிச் சுழற்றிச் சுழற்றி, எவ்வளவு தகைவுக்கு (பரப்பின் ஓர் அலகுக்கு வரும் விசை) எத்தனை சுற்றில் முறிகிறது என்று எண்ணினார். அவர் காட்டியது இதுதான்: சுமை எவ்வளவு பெரியது என்பதைவிட, அது எவ்வளவு ஏறி இறங்குகிறது, எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்பதே முறிவைத் தீர்மானிக்கிறது. தகைவை நிலைக்குத்தாகவும் சுற்றுகளின் எண்ணிக்கையைக் கிடையாகவும் வைத்து வரையும் எஸ்-என் கோடு இந்த வழியில் வந்ததுதான்.

ஸ்டட்டுக்கு இதே வேலையை முறையாகச் செய்தவர்கள் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் லீஹை பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்லட்டரும் ஃபிஷரும். ஸ்டட் வைத்த மாதிரிகளை ஒரு முறை அமுக்கி உடைக்காமல், ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, உடையும் வரை எண்ணினார்கள். 1966-இல் முடிவுகள் வெளிவந்தன. இங்கேயும் ஆயுளைத் தீர்மானித்தது ஏற்ற இறக்கத்தின் அளவுதான். அமெரிக்கப் பால விதிநூலான ஆஷ்டோவில் ஸ்டட்டின் அயர்வு வலிமைக்கான சூத்திரம் இந்த ஆய்விலிருந்து வந்தது. அந்தச் சூத்திரத்தில் ஸ்டட்டின் விட்டம் இருக்கிறது, சுற்றுகளின் எண்ணிக்கை இருக்கிறது. கான்கிரீட்டின் வலிமை இல்லை. ஒரு முறை தாங்கும் கணக்கில் பாதிப் பங்கு கான்கிரீட்டுக்கு இருந்ததை நினைத்துப் பாருங்கள். அயர்வில் அது கணக்கிலேயே வரவில்லை. ஏனென்றால் அங்கே தோற்பது காலரின் ஓரத்தில் இருக்கும் எஃகு.

யூரோகோடு 4 வேறு வடிவச் சூத்திரம் வைத்திருக்கிறது. ஆரம்பநிலை வாசகருக்கு அதுதான் எளிது என்பது என் கருத்து. சாதாரணக் கான்கிரீட்டில் புதைந்த ஸ்டட், தன் குறுக்குவெட்டில் 90 மெகாபாஸ்கல் ஏற்ற இறக்கத்தை 20 லட்சம் முறை தாங்கும். அங்கிருந்து, ஏற்ற இறக்கம் மாறினால் ஆயுள் எட்டாம் அடுக்கில் மாறும். எட்டாம் அடுக்கு என்றால் என்ன என்று ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும், இந்தக் கட்டுரையில் எனக்குப் பிடித்த இடமே இதுதான்.

19 மில்லிமீட்டர் ஸ்டட்டின் பரப்பு ஏறக்குறைய 283 சதுர மில்லிமீட்டர். 90 மெகாபாஸ்கல் என்றால் சுமார் 25 கிலோநியூட்டன், அதாவது இரண்டரை டன். ஒரு முறை என்றால் பத்து டன், 20 லட்சம் முறை என்றால் இரண்டரை டன். கால் பங்கு. இப்போது ஏற்ற இறக்கத்தை இரட்டிப்பாக்கி ஐந்து டன் ஆக்கினால் ஆயுள் பாதியாகாது. இரண்டை எட்டு முறை பெருக்கிப் பாருங்கள், 256. ஆயுள் 256-இல் ஒரு பங்காகிவிடும். 20 லட்சம் எட்டாயிரத்துக்குக் கீழே வந்துவிடும். பத்து விழுக்காடு மட்டும் கூட்டினால்கூட ஆயுள் பாதிக்கும் கீழே போகிறது.

நாளொன்றுக்கு 2,000 லாரி போகும் சாலையில் ஒரு பாலம், 75 ஆண்டு ஆயுள் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் ஏறக்குறைய ஐந்தரைக் கோடி லாரிகள். லாரிகள் எல்லாமே ஒரே எடை என்று எளிமையாக எடுத்துக்கொண்டால், இந்தச் சூத்திரப்படி ஒரு ஸ்டட்டுக்கு அனுமதிக்கக்கூடிய ஏற்ற இறக்கம் சுமார் 17 கிலோநியூட்டன்தான். முதலில் சொன்ன பத்து டன்னில் ஆறில் ஒரு பங்கு. பாலத்தில் எத்தனை ஸ்டட் வைக்க வேண்டும் என்பதைப் பல நேரம் இந்த எண்தான் முடிவு செய்கிறது. கட்டடங்களில் தரை ஸ்லாபுக்கு வைக்கும் ஸ்டட்டுகளுக்கு இந்தக் கவலை பெரும்பாலும் கிடையாது, அங்கே லாரி ஓடுவதில்லை.

இதே எட்டாம் அடுக்கை ஓவர்லோடுக்கும் போட்டுப் பார்க்கலாம். 25 விழுக்காடு கூடுதலாக ஏற்றிய ஒரு லாரி, ஸ்டட்டைப் பொறுத்தவரை சரியான எடையுள்ள ஆறு லாரிகளுக்குச் சமம். கார் பக்கம் போனால் கணக்கு தலைகீழ். 24 டன் லாரியும் ஒன்றரை டன் காரும் 16-க்கு 1. பதினாறின் எட்டாம் அடுக்கு சுமார் 430 கோடி. அத்தனை கார்கள் போனால்தான் அந்த ஒரு லாரி செய்த சேதம் வரும். அச்சுகளின் இடைவெளி, வேகம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போட்ட தோராயக் கணக்குதான் இது. ஆனால் பால ஆய்வுக்குப் போகிறவர் ஏன் கார்களை எண்ணாமல் லாரிகளை மட்டும் எண்ணுகிறார் என்பதற்கு இதுவே போதும்.

இனி ஒரு லாரியைப் பின்தொடர்வோம். இரு முனையிலும் தாங்கிய சாதாரணப் பாலம். கணக்குக்காக லாரியைப் பத்து டன் எடையுள்ள ஒரே புள்ளியாக நினைத்துக்கொள்ளுங்கள், இடமிருந்து வலமாக வருகிறது. இடது முனையில் இருக்கும் ஸ்டட்டைப் பாருங்கள். லாரி ஏறியதும் அந்த இடத்தில் பாலத்தின் வெட்டு விசை ஒரேயடியாகப் பத்து டன்னுக்குப் போகிறது. லாரி நகர நகரக் குறைந்துகொண்டே வந்து, மறுமுனை போய்ச் சேரும்போது பூஜ்யம். ஏற்ற இறக்கம் பத்து.

நடுப்பாலத்தில் இருக்கும் ஸ்டட்டுக்கு என்ன நடக்கிறது? லாரி நெருங்கும்போது வெட்டு விசை ஒரு திசையில் வளர்ந்து ஐந்து டன் ஆகிறது. லாரி தலைக்கு மேல் கடந்த அந்தக் கணமே திசை மாறி, எதிர்ப்பக்கம் ஐந்து டன். பிறகு மெல்லக் குறைகிறது. உச்சம் ஐந்துதான், முனையில் இருந்ததில் பாதி. ஆனால் இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து, ஏற்ற இறக்கம் அதே பத்து. கால்வாசித் தூரத்தில் இரண்டரையும் ஏழரையும், கூட்டினால் அங்கேயும் பத்து. பாலத்தின் எந்த இடத்தை எடுத்தாலும் இதே கதைதான். ஸ்டட்டுக்கு வருவது இந்த வெட்டு விசையின் ஒரு பங்கு என்பதால், ஏற்ற இறக்கமும் எல்லா ஸ்டட்டுக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே அமைகிறது.

நடுவில் விசை குறைவு, ஸ்டட்டைக் குறைத்துக்கொள்ளலாம் என்று புதிதாக டிசைன் செய்ய வருபவர்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கிறது. ஒரு முறை தாங்கும் கணக்கில் அது சரியாகக்கூட இருக்கலாம். அயர்வுக் கணக்கில் நடுவில் இருப்பதும் முனையில் இருப்பதும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் மூப்படைகின்றன.

பாலத்தின் சொந்த எடை ஸ்டட்டைத் தொடுவதில்லையா என்று கேட்கலாம். பெரும்பாலான பாலங்களில் கான்கிரீட் ஊற்றும்போது கர்டருக்குக் கீழே முட்டு இருக்காது. ஈரக் கான்கிரீட்டின் எடையைக் கர்டர் தனியாகவே சுமந்து வளைந்துவிடுகிறது. அப்புறம்தான் கான்கிரீட் இறுகுகிறது. அதனால் ஸ்லாபின் எடையால் ஸ்டட்டுக்கு விசை ஏதும் கிட்டத்தட்ட வராது. பிறகு போடும் தார், கைப்பிடிச் சுவர் போன்றவற்றால் கொஞ்சம் வரும். மீதி எல்லாம் வண்டிகள்தான். ஓடும் சுமைக்காகவே பிறந்த உறுப்பு இது.

விரிசல் எங்கே தொடங்குகிறது? காலருக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள விளிம்பில், அல்லது காலருக்கும் கர்டரின் தகட்டுக்கும் இடையிலுள்ள விளிம்பில். இரண்டுமே வெல்டிங் முடியும் இடங்கள். வடிவம் சட்டென்று மாறுவதால் தகைவு அங்கே குவியும், வெல்டிங் ஆறும்போது உள்ளே தங்கிவிட்ட இழுவிசையும் அங்கேதான் இருக்கும். சில நேரம் விரிசல் கீழே கர்டரின் தகட்டுக்குள்ளேயே இறங்கிவிடும். நடுத்தூண்களுக்கு மேலே, கர்டரின் மேல் தகடு இழுவிசையில் இருக்கும் தொடர் பாலங்களில் இது கூடுதல் கவலை. அங்கே ஸ்டட்டையும் தகட்டையும் சேர்த்துச் சரிபார்க்க வேண்டும்.

இன்னொரு உண்மை பிற்பாடுதான் தெளிவானது. ஸ்டட் கடைசி நாள் வரை முழு வலுவோடு இருந்துவிட்டு, அன்றைக்கு மட்டும் அறுகிறது என்றே பழைய கணக்குகள் எடுத்துக்கொண்டன. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டைச் சேர்ந்த ஆய்வாளர் ஓலர்ஸ் 1990 வாக்கில் இதைக் கேள்விக்கு உட்படுத்தினார். ஏற்றி இறக்கத் தொடங்கிய காலத்திலிருந்தே ஸ்டட்டின் வலிமை தேய்ந்துகொண்டே வருகிறது என்றார். ஜெர்மனியின் வூப்பர்டாலில் ஹான்ஸ்வில்லே குழு 2007-இல் வெளியிட்ட சோதனைகளும் இதையே காட்டின. விரிசல் ஆயுளின் தொடக்கக் கட்டத்திலேயே பிறந்துவிடுகிறது, பிறகு மெல்ல உள்ளே நகர்கிறது. அப்படியானால் நாற்பது வயதுப் பாலத்தில் இருக்கும் ஸ்டட்டிடம் ஆரம்பத்தில் இருந்த பத்து டன் இருக்காது. ஓவர்லோடு லாரி ஒன்று அன்றைக்கு வந்தால், அதைத் தாங்க வேண்டியது மிச்சமிருக்கும் வலிமைதான்.

இதைப் படித்துவிட்டு அடுத்த முறை பாலம் ஏறப் பயப்பட வேண்டாம். ஸ்டட்டுகள் கூட்டமாக வேலை செய்பவை. ஒன்று தளர்ந்தால் அது கொஞ்சம் கூடுதலாகச் சறுக்கும், அதன் பங்கைப் பக்கத்தில் இருப்பவை வாங்கிக்கொள்ளும். இரும்புக்கும் கான்கிரீட்டுக்கும் இடையே உராய்வும் தன் பங்குக்கு உதவுகிறது. பாலத்தில் இருக்கும் ஸ்டட், புஷ்-அவுட் சோதனையில் தனியாக மாட்டிக்கொண்ட ஸ்டட்டைவிட அதிக நாள் தாக்குப்பிடிப்பதற்கு இவை இரண்டும் முக்கியக் காரணங்கள்.

ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒவ்வொன்றும் ஒழுங்காக வெல்டிங் ஆகியிருக்க வேண்டும். ஒரு மழைக்கால மாதத்தில், ஒரு சைட்டில் இதை நேரில் பார்த்தேன். ஸ்டட்டைத் துப்பாக்கி போன்ற கருவியில் செருகி, அடியில் ஒரு செராமிக் வளையத்தை வைத்து அழுத்தினால், ஒரு நொடிக்குள் மின்வில் எரிந்து ஸ்டட்டின் அடி உருகித் தகட்டோடு ஒட்டிவிடும். உருகிய எஃகு வெளியே சிதறாமல் மோதிரமாகத் திரள வைப்பது அந்த வளையம். பிறகு சுத்தியலால் தட்டினால் வளையம் உடைந்து விழும், உள்ளே நீலம் பாய்ந்த சாம்பல் நிறத்தில் காலர் தெரியும். அன்றைக்கு ஒரு ஸ்டட்டில் காலர் சுற்றிலும் முழுமையாக இல்லை, ஒரு பக்கம் வழித்தது போல இருந்தது. பக்கத்தில் இருந்தவற்றைத் தட்டினால் கணீரென்று வந்த ஓசை இதில் மந்தமாக வந்தது. காலர் இல்லாத பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சுத்தியலால் அடித்து 15 டிகிரி சாய்க்க வேண்டும், அதுதான் விதி. பாதிகூடச் சாயவில்லை, பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. அடியைத் திருப்பிப் பார்த்தேன். பாதி வட்டம்தான் ஒட்டியிருந்தது, மீதியில் ரவை சலித்தது போலப் பொடி ஓட்டைகள். செராமிக் வளையப் பை இரவு முழுக்கத் தூறலில் திறந்து கிடந்திருக்கிறது. ஈரம் ஆவியாகி வெல்டிங்குக்குள் புகுந்தால் இப்படித்தான் ஆகும். அந்த வரிசை முழுவதையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து முடிக்க மாலையாகிவிட்டது. சாய்த்துப் பார்த்துத் தாங்கிய ஸ்டட்டுகளைத் திரும்ப நிமிர்த்தத் தேவையில்லை, சாய்ந்தபடியே கான்கிரீட்டுக்குள் போகலாம்.

இந்த வெல்டிங் விளிம்பை எப்படித் தவிர்ப்பது என்று யோசித்தவர்களும் உண்டு. வெனிசுவேலாவில் கரோனி ஆற்றின் மேல் ஒரு பாலத்துக்காக, ஜெர்மனியின் லியோன்ஹார்ட் நிறுவனத்தார் 1980களில் பெர்ஃபோபாண்ட் என்ற வேறு வகையை உருவாக்கினார்கள். ஸ்டட்டுக்குப் பதில், வட்ட ஓட்டைகள் போட்ட நீளமான தகட்டை கர்டரின் மேல் நிமிர்த்தி வெல்டிங் செய்தார்கள். கான்கிரீட் அந்த ஓட்டைகளுக்குள் புகுந்து இறுகி, தானே முளையாக நின்று சறுக்கலைத் தடுக்கும். ஸ்டட்டின் அயர்வு பற்றிய கவலைதான் அவர்களை அந்தப் பக்கம் தள்ளியது.

ஸ்டட்டே இல்லாமல் கட்டப்பட்ட பழைய பாலங்களுக்கும் இதில் ஒரு வழி இருக்கிறது. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் அப்படிப்பட்ட பாலங்களுக்காகவே சோதனைகள் செய்தார்கள். ஸ்லாபைத் துளைத்து, கர்டரின் தகட்டையும் துளைத்து, வலுவான போல்ட்டை இறக்கி முடுக்கினார்கள், வெல்டிங் எதுவும் இல்லை. ஒரே பருமனுள்ள வெல்டிங் ஸ்டட்டோடு ஒப்பிட்டால், திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கும் சோதனையில் அந்த போல்ட்டுகள் வெகுவாகக் கூடுதல் ஆயுளைக் காட்டின. அதே பருமன், அதே கான்கிரீட், அடியில் காலர் மட்டும் கிடையாது.